வரிசை வீட்டில் ஒரு பள்ளி

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே இறங்கிவிடுவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழஞ்சென்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தையும், 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த பெருமையையும் சொல்லி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்ட துயரத்தோடு பேச்சை முடிப்பர். நாங்கள் இன்று நிலத்துக்கு மேலேயே நின்றுகொள்கிறோம். சுரங்கத் தொழிலாளருக்கென்று கட்டப்பெற்று, 'லைன்' என்று இன்றும் வழங்கும் வரிசை வீடுகளுள் ஒன்றில், இரண்டு சிற்றறைகளுக்குள்ளே, ஆறு வயதுப் பெண் ஒருத்திக்கு எழுத்தறிவித்த கதையே எங்கள் பேச்சுக்குப் பொருள். அவளுக்கு நான்கு வயதில் ஒரு தம்பி; தவழும் பருவத்தில் ஒரு தங்கை. இவ்விருவரும் இல்லாதிருந்தால் இதிற் சொல்வதற்கு ஒன்றும் இராது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, சில கிழமைகளில் திறந்துவிடுவார்கள் என்றே எண்ணினோம். கர்நாடகத்தில் முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது 2021ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள். ஏறத்தாழ 19 மாதங்கள்! இடையில், ஆசிரியர்களே பிள்ளைகள் இருக்கும் தெருவுக்கு வந்து மரத்தடியிலும் மண்டபங்களிலும் பாடம் நடத்தும் 'வித்யாகம' என்னும் திட்டத்தை அரசினர் தொடங்கினர். நோய்க்கு அஞ்சி அதுவும் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. எங்கள் பெண்ணின் பெயர் முதல் வகுப்புப் பதிவேட்டில் இருந்தது. பெண் வீட்டில் இருந்தாள்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் ஒன்றை எளிதில் உணர்ந்துகொள்வீர்கள். பள்ளி தரவேண்டிய பாடம் ஒன்று, பள்ளி ஒருபோதும் தராத பாடம் மற்றொன்று என இரண்டு சுமைகள் ஒருங்கே எங்கள் தலையில் விழுந்தன. எங்கள் பிள்ளை சேர்ந்த பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் கற்பிப்பர். அது முறையே, வாழும் நாட்டின் மொழி பிள்ளைக்கு வேண்டும். தமிழை நாங்கள் கற்பியாவிடின் வேறு எவரும் கற்பிக்கப் போவதில்லை. வீட்டிற் பேசுவது தமிழ்தானே, எழுத்து எங்கே போய்விடும் என்று நம்மிற் பலர் ஒத்திப்போடுவது வழக்கம். நாங்களும் ஒத்திப்போட்டுத்தான் இருந்தோம். வீட்டுத் தலைவர் விடியற்காலையில் மாரிகுப்பத்து ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று இரவிலே திரும்புபவர். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை இவ்வண்டிகளைப் பற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. பிள்ளைகள் எழுமுன் போய், பிள்ளைகள் உறங்கியபின் வருபவர் எந்த அகரத்தை எப்போது கற்பிப்பது? ரயில் நின்றது, வேலையும் நின்றது, ஒத்திப்போடச் சாக்கும் இல்லாமற் போயிற்று.

முதற் காரியமாகக் கால அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, பதினொரு மணிக்குக் கன்னடம். மூன்றாம் நாள் தவழும் குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து நின்றது. அது வாழ்க்கையிற் செய்த முதல் வீரச்செயல், கைக்கு எட்டிய அட்டவணையைக் கிழித்து வாயிற் போட்டுக்கொண்டதே. மறுபடியும் ஒன்று எழுதி ஒட்டவில்லை.

பிறகு, நம் முன்னோர் வழியில் தாம்பாளத்திலே தானியத்தைப் பரப்பி விரலால் எழுதவைத்தோம். கோலார் மாவட்டம் கேழ்வரகு விளையும் பூமி. ஆகவே அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகைப் பரப்பினோம். மூத்தவள் 'அ' எழுதுவாள். அதன் சுழி முடியுமுன் தம்பியின் லாரி அதன்மேல் ஓடும். கைக்குழந்தை ஒரு பிடி அள்ளும். 'இவ்வளவு பாடு எதற்கு? வெளியே மணலில் எழுதச் சொல்வதுதானே?' என்றார் ஓர் உறவினர். வெளியூர்க்காரர் பேச்சு அது. எங்கள் ஊரில் மணல் மேடு என்றால், பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சயனைடு மேடுதான். காற்று வீசும் மாதங்களில் அதன் தூள் கூரை, பாத்திரம், கண் எங்கும் படியும். அந்த மணலிற் பிள்ளையின் விரல் படலாகாது என்பது இங்குள்ள தாய்மார் எல்லாரும் சொல்லும் முதற் பாடம்.

மணலில் எழுதும் அந்தப் பழைய முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1789 முதல் 1796 வரை சென்னையில், படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் நடத்திவந்தார். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். போதிய ஆசிரியர் கிடைக்காதபோது, மூத்த பிள்ளைகளைக்கொண்டே இளையவர்க்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் அவர் ஒரு நூல் வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாங்களும், சமையலும் குழந்தையும் குழாயில் தண்ணீர் வரும் நாளின் குடங்களும் ஒன்றாக வந்து மோதியபோது, சட்டாம்பிள்ளையைத்தான் நாடினோம். 'நீ படித்ததைத் தம்பிக்குச் சொல்லிக்கொடு' என்று மூத்தவளைப் பணித்துவிட்டு அடுப்படிக்குப் போனோம்.

அதைப்போலச் சுகமான ஏற்பாடு வேறு எதுவும் இல்லை என்று இரண்டு மாதம் மகிழ்ந்திருந்தோம். திண்ணையிலிருந்து இரண்டு குரல்கள் ஓயாமல் வரும். நான்கு வயதுப் பையன், அம்மா ஆடு இலை ஈ என்று தொடங்கி உயிரெழுத்துப் பன்னிரண்டையும் ஒரே மூச்சிற் சொல்வான்; ககர வரிசையையும் கடகடவென்று ஒப்பிப்பான். வரிசை வீட்டில் ஒரு வீட்டின் ஓசை நான்கு வீடுகளுக்குக் கேட்கும். அக்கம்பக்கத்தார் வியந்தனர், நாங்கள் பூரித்தோம்.

ஒரு நாள் மாலை, நடக்கப் பழகிய குழந்தையைத் துரத்திக்கொண்டு திண்ணைக்கு வந்தபோது ஒன்றைக் கண்டோம். மூத்தவள் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தாள். தம்பி சொன்னான். அவன் சொல்லி முடித்த ஒரு நொடி கழித்து அவளுடைய உதடுகள் அசைந்தன. கற்பிப்பவள் அவள் அல்லள்! புத்தகத்தில் இருந்த படங்களைக் கையால் மறைத்துவிட்டு, எழுத்தை மட்டும் காட்டிக் கேட்டோம். பையனுக்குத் தெரியவில்லை, அவன் நான்கு வயதுப் பிள்ளை, செவியிற் கேட்டதைச் சொன்னவன், அவனிடம் குற்றமில்லை. பெண்ணுக்கும் தெரியவில்லை. 'உ' எது 'ஊ' எது என்று அறியாமல் தலை குனிந்தாள். அவளிடம் இருந்ததும் ஓசையே. இரண்டு மாதங்களாக எழுத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

'தெரியவில்லை என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாமே, கண்ணு?' என்றோம்.

'நான்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டால் அவன் சிரிப்பான், அம்மா' என்றாள்.

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. மூத்த பெண் என்றால் தாங்குவாள், விட்டுக்கொடுப்பாள், பார்த்துக்கொள்வாள் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. பால் பங்கிடும்போதும் பாய் விரிக்கும்போதும் பழகிய அந்தக் கணக்கை எழுத்தறிவிப்பதிலும் போட்டுவிட்டோம். ஆண்ட்ரூ பெல்லின் பள்ளியிலும் சட்டாம்பிள்ளை தன் பாடத்தைக் கற்ற பிறகன்றோ பிறர்க்குக் கற்பித்தான்? ஆறு வயதில், கல்லாத பாடத்துக்கு அவளை ஆசிரியை ஆக்கி, கேள்வி கேட்கும் உரிமையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

மறுநாள் முதல் ஏற்பாடு மாறியது. நாள் முழுதும் மூவரும் ஒன்றாகவே இருக்கட்டும். விளையாடட்டும், ஒப்பிக்கட்டும், சண்டையிடட்டும். ஆனால் அரை மணி நேரம் மூத்தவளுக்கு மட்டும் உரியது. அந்த அரை மணியிலே அவள் அக்காள் அல்லள், படிக்கும் பிள்ளை. தவறு செய்யலாம், பத்து முறை கேட்கலாம், சிரிப்பதற்கு எவரும் இரார்.

சொல்வது எளிது. அந்த அரை மணியை எங்கிருந்து பெறுவது என்பதில் இருக்கிறது வித்தை. கைக்குழந்தை நண்பகலில் உறங்கும். அதை நம்பலாம், சில நாள். பையனை என்ன செய்வது? பொம்மை கொடுத்தால் ஐந்து நிமிடம். கைப்பேசியைக் கொடுத்தால் அரை மணி அமைதி கிடைக்கும். பிறகு அதைத் திரும்ப வாங்க ஒரு மணி வேண்டும். வேலையில்லாத தகப்பனார் வீட்டில் இருந்த மாதங்களில் அவனைத் தோளிலேற்றிக்கொண்டு வெளியே போய்விடுவார். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியபின் அந்த வழியும் அடைபட்டது.

எங்களைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு ஆயா. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் துணைவியார், கணவரை இழந்தவர், எழுதப்படிக்க அறியாதவர். இந்தப் பக்கத்தில் பனிக்காலம் வந்தால் அவரைக்காய்க் காலம். அவரைப் பயற்றை ஊறவைத்து, ஒவ்வொன்றாய் விரலால் பிதுக்கித் தோல் நீக்கிக் குழம்பு வைப்பார்கள். பிதுக்கம்பருப்பு என்று பெயர். பையனுக்கு ஆயா அந்த வேலையைக் கொடுத்தார். விளையாட்டு வேலை அன்று; அன்று மாலைக் குழம்புக்கு ஆகவேண்டிய உண்மை வேலை. பருப்பு பிதுங்கித் தெறித்து ஓட, அவன் அதைப் பிடித்துக் கிண்ணத்திற் போட்டு, பத்துப் பத்தாய் எண்ணி வைத்தான். அவனுக்குக் கணக்கு வந்தது அந்தக் கிண்ணத்திலிருந்துதான். அவரைக்காய் தீர்ந்த பிறகு வேர்க்கடலை. வேர்க்கடலை தீர்ந்தபின் ஆயாவின் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுதல். சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானைக் கொடுத்து ஒதுக்குவதைவிட, வீட்டுக்குத் தேவையான ஒரு வேலையைக் கொடுத்து மதிப்பதே பயன் தருகிறது என்று கண்டோம்.

பாடநூலுக்கு நாங்கள் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குடியாத்தத்து உறவினரிடம் தமிழ்நாட்டு முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருந்தது. எல்லையில் போக்குவரத்து இல்லை. அவர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கைப்பேசிக்கு அனுப்ப, இரவிலே பெரிய எழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். பின்னரே அறிந்தோம், தமிழ்நாட்டரசின் பாடநூல்களை இணையத்தில் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்பதை. 2001இல் தொடங்கப்பெற்று இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம், தமிழகத்துக்கு வெளியே வாழும் பிள்ளைகளையும் கருதி மழலைக் கல்விப் பாடங்களை வைத்திருக்கிறது. மும்பையிலோ தில்லியிலோ எங்களைப்போல் திகைத்து நிற்பவர் இருப்பின், அங்கே தேடலாம். ஆனால் கையால் எழுதிய அந்த நோட்டையே எங்கள் பெண் விரும்பினாள். அப்பாவின் கையெழுத்து அல்லவா?

அரை மணிப் பாடத்தில் விரைவிலேயே ஒரு சிக்கல் வந்தது. கன்னடத்தில் ககரத்துக்கு நான்கு எழுத்துகள். வல்லோசை, மெல்லோசை ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். தமிழில் ஒரே 'க'. 'கல்' என்பதில் ஓர் ஓசை, 'தங்கம்' என்பதில் ஓர் ஓசை, 'பகல்' என்பதில் மற்றோர் ஓசை. 'ஓர் எழுத்து எப்படி மூன்று விதமாகப் பேசும்?' என்று கேட்டாள். நாங்கள் அதுவரை எண்ணிப்பாராத கேள்வி. சொல்லின் முதலில் நின்றால் அது வன்மையாக ஒலிக்கும். இன மெல்லெழுத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் குழையும். இரண்டு உயிரோசைகளுக்கு நடுவில் அகப்பட்டால் இன்னும் இளகிப்போகும் என்று சொன்னோம். சற்று எண்ணிவிட்டு, 'தம்பி வீட்டில் ஒரு மாதிரி, ஆயா வீட்டில் ஒரு மாதிரி இருக்கிறானே, அப்படியா?' என்றாள். அதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று பையனால் வந்தது. அவனுக்குக் கண்ணைவிடச் செவி கூர்மை. ஒரு நாள், 'அம்மா, நாம் பால் என்கிறோம், கடைக்காரர் ஹாலு என்கிறார். நாம் பல் என்கிறோம், அவர் ஹல்லு என்கிறார்' என்று ஓடிவந்தான். பழைய கன்னடத்திற் சொல்லின் முதலிலிருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று என்று மொழிநூலார் கூறுவர். அவனுக்கு அந்த நூல் வேண்டியிருக்கவில்லை. புலி, ஹுலி, பூ, ஹூவு, பத்து, ஹத்து. நாள்தோறும் ஒன்றைப் பிடித்துவந்தான். அக்காள் இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் கன்னடத்திலும் எழுதிவைத்தாள். அடுத்து ழகரம்: மழை அங்கே மளெ, கோழி அங்கே கோளி, ஏழு அங்கே ஏளு. பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்தது. இன்று வழக்கில் இல்லை. இந்த விளையாட்டில்தான் மூத்தவள் மறுபடி தம்பிக்குப் பக்கத்தில் அச்சமின்றி உட்கார்ந்தாள். அவன் செவி, அவள் கை. அவன் எழுதத் தெரியாதவன் என்பதும் அவள் எழுதத் தெரிந்தவள் என்பதும் இருவருக்கும் விளங்கியிருந்தன.

வீட்டின் பரணில் பிள்ளைகளுடைய தாத்தாவின் கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. அவர் நந்திதுர்க்கம் சுரங்கத்தில் உழைத்தவர். எந்த நாள் எந்த முறை வேலை, எவ்வளவு கூலி, எவருக்குக் கடன் என்று பென்சிலால் எழுதிவைத்தவர். ஒரு மழை நாளில் அதை எடுத்து மூத்தவளிடம் கொடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படித்துவந்தவள் 'மாலை' என்னும் சொல்லில் நின்றுவிட்டாள். தாத்தா, லகரத்தின் தலையில் தும்பிக்கை வைத்த பழைய 'லை' எழுதியிருந்தார். 'தாத்தா தப்பாக எழுதியிருக்கிறார்' என்றாள். பெரியார் தம் குடி அரசு ஏட்டில் 1935 முதல் கையாண்டுவந்த சீர்திருத்தத்தைத் தழுவி, தமிழ்நாட்டரசு 1978இல் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தாத்தா எழுதியது அதற்கு முன்பு. அப்பழைய வடிவங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படித்தாள். ஒரு பக்கத்தில் கூலிக் கணக்கின் நடுவே ஒற்றை வரி: 'ஏர் பிளாஸ்ட். மாலை முறை போகவில்லை.' ஆழத்திலே பாறை வெடித்துச் சிதறுவதை இங்குள்ளோர் அப்படித்தான் சொல்வர். 'ஏன் போகவில்லை?' என்று பையன் கேட்டான். நாங்கள் சொல்லுமுன் அவள் சொன்னாள்: 'பயமாக இருந்திருக்கும்.'

அந்தத் தாத்தாவின் தந்தையார் காலத்தில் தங்கவயலில் தமிழெழுத்து பள்ளிக்கூடத்தில் மட்டும் வளரவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையிலே தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1926இல் இங்கிருந்து மீண்டும் வெளியிட்டவர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலையின் தமிழ் நூல்களும் இவ்வூரிலிருந்தே வெளிவந்தன. சுரங்கத்தில் உழைத்து மேலே ஏறிவந்த மக்கள் நடுவே நடந்த தமிழ்ப்பணி அது. ஒருவர் கையிலிருந்த இதழை ஒன்பது பேர் காதாற் கேட்டிருப்பர். எங்கள் பையனைப்போலச் செவியால் மட்டும் கற்றவர்கள் அவர்களிற் பலர் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

பள்ளி திறந்தது. மூத்தவள் நேராக இரண்டாம் வகுப்பிற் போய் அமர்ந்தாள். அரை மணிப் பாடம் நின்றுவிடவில்லை. இரவு உணவுக்குப் பின்னே தள்ளிப்போயிற்று. பையனுக்கும் தனி அரை மணி வந்தது. முறை மாறி இப்போது கடைக்குட்டியின் காலம். அட்டவணையைத் தின்றவள் அவள் என்பதை நினைவூட்டினால் அவளுக்குக் கோபம் வருகிறது.

பள்ளி திறந்த அந்த வாரத்தில் குடியாத்தத்திலுள்ள தாய்வழி ஆயாவுக்கு மூத்தவள் ஒரு கடிதம் எழுதினாள். ஒரு முழுப் பக்கம். ஒற்றுப் பிழைகள் பல. திருத்தவேண்டாம் என்று விட்டுவிட்டோம். கீழே பையன் தன் பெயரை எழுதினான். கைக்குழந்தையாய் இருந்தவள் எழுதுகோலைப் பிடுங்கி நீண்ட கீறல் ஒன்று போட்டாள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துக்காட்டினானாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசிக் கீறலின்மேல் விரலை வைத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, அதையும் படி' என்று கேட்டாராம்.